இரண்டு நிமிட விமானப் பயணம் யாருக்காக?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஸ்காட்லாந்தில் இரண்டு தீவுகளுக்கு நடுவே இரண்டே நிமிடம் பறக்கும் விமானம் இருக்கிறதாம். மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு விமானம் எதற்கு? படகு போதாதா? அரசுப் பணத்தை வீணாக்கும் வேலை இல்லையா?"

வீண் இல்லை என்பதே என் பதில். விமானப் பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி சிறிய விமானங்களோடு கழிந்தது. அதனால் இப்படிப்பட்ட குட்டிப் பாதைகள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். சின்னதும் பெரியதுமாக எழுபது தீவுகள் இருக்கும், ஆள் குடியிருப்பவை இருபதை ஒட்டித்தான். மொத்த மக்கள் ஏறக்குறைய 22,000. பெரும்பாலானோர் பெரிய தீவில், கிர்க்வால் நகரத்திலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி, மேல்நிலைப் பள்ளி, கவுன்சில் அலுவலகம் எல்லாம் அங்கேதான். வடகோடியில் வெஸ்ட்ரே என்ற தீவில் சுமார் 600 பேர். அதை ஒட்டிக் கிழக்கே பாப்பா வெஸ்ட்ரே. அங்கே ஏறக்குறைய 90 பேர். உள்ளூரில் அதைச் செல்லமாகப் 'பாப்பே' என்பார்கள். பழைய கிறித்தவத் துறவிகளைக் குறிக்க, ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்கள் வழங்கிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இந்த இரண்டு தீவுகளின் விமானத் தளங்களுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர். சென்னை மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையே சுமார் 3.6 கிலோமீட்டர் நீளம். முழுப் பயணமும் அந்த ஓடுபாதைக்குள் அடங்கிப்போகும். அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருப்பார்கள், அதில் தரையில் உருளும் நேரமும் சேர்த்தி. காற்று சரியாக அமைந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேப்டன் ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் 53 வினாடிகளில் கடந்ததுதான் சாதனை. அவர் இந்தப் பாதையில் மட்டும் 12,000 முறைக்கு மேல் பறந்தவர். உலகின் மிகக் குறுகிய அட்டவணைப் பயணம் என்ற பெயர் இதற்குத்தான்.

செய்திகளில் இந்த இரண்டு நிமிடத்தைத் தனியாக வெட்டி எடுத்துக் காட்டுகிறார்கள். உங்கள் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. விமானம் கிர்க்வாலில் கிளம்பி, கால் மணி நேரம் பறந்து வெஸ்ட்ரேயில் இறங்கும். அங்கே ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு பாப்பேக்குத் தாவும். பிறகு கிர்க்வாலுக்குத் திரும்பும். சில நாள் இந்த வரிசை தலைகீழாக இருக்கும், பாப்பே முதலில், வெஸ்ட்ரே பிறகு. நம் ஊர் டவுன் பஸ் ஒரு கிராமத்தில் நின்று, அரைக் கிலோமீட்டர் தள்ளி அடுத்த கிராமத்திலும் நிற்கிறது. அந்த அரைக் கிலோமீட்டருக்கு எதற்கு பஸ் என்று யாரும் கேட்பதில்லை. பஸ் அந்த வழியாகப் போகிறது, இரண்டு ஊரிலும் ஆள் இருக்கிறார்கள், நிற்கிறது. இதுவும் அப்படித்தான். இந்தத் தாவலை எடுத்துவிட்டால் விமானம் ஒவ்வொரு தீவுக்கும் கிர்க்வாலிலிருந்து தனித்தனியாகப் போய்வர வேண்டும். எரிபொருளும் கூடும், நேரமும் கூடும்.

இந்தச் சேவையை நடத்துவது லோகன்ஏர். அதன் பிறப்பே குறுகிய தூரத்தோடு கலந்தது. வில்லி லோகன் என்பவர் கட்டுமான ஒப்பந்தக்காரர், டண்டீ நகரத்தில் டே நதிச் சாலைப் பாலத்தைக் கட்டியது அவருடைய நிறுவனம். அந்த நிறுவனத்தின் வேலைக்கு ஆட்கள் போய்வர 1962 பிப்ரவரியில் ஒரே ஒரு பைப்பர் அஸ்டெக் விமானத்தோடு தொடங்கியதுதான் பிறகு விமான நிறுவனமாக வளர்ந்தது. ஆர்க்னித் தீவுகளுக்கு இடையே அது பறக்கத் தொடங்கியது 1967இல். அதற்கும் முன்பே, 1930களில், கேப்டன் டெட் ஃப்ரெஸ்ஸன் இந்தத் தீவுகளின் மேய்ச்சல் நிலங்களில் விமானத்தை இறக்கிப் பழக்கியிருந்தார். உலகப் போர் வந்து அந்தச் சேவை நின்றுபோனது. வெஸ்ட்ரேக்காரர்களும் பாப்பேக்காரர்களும் ஒரு தலைமுறைக் காலம் மறுபடி படகை மட்டும் நம்பியிருந்தார்கள்.

அவர்களுக்கு வாய்த்த விமானத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பிரிட்டன்–நார்மன் ஐலண்டர். ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்ற இருவர் இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் வடிவமைத்தது, முதலில் பறந்தது 1965 ஜூனில். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், சக்கரங்கள் மடங்காது, இரண்டு பிஸ்டன் இன்ஜின். உள்ளே நடுவில் நடக்க வழி கிடையாது. பக்கக் கதவைத் திறந்து அவரவர் வரிசையில் நேரே ஏறி உட்கார வேண்டும், கிட்டத்தட்ட ஷேர் ஆட்டோ மாதிரி. ஆர்க்னியில் எட்டுப் பயணிகள், ஒரே பைலட். ஒரு பயணி பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையிலேயே உட்காரலாம். இந்தியக் கடற்படையும் இந்த ஐலண்டரை நெடுங்காலம் கடலோரக் கண்காணிப்புக்கு வைத்திருந்தது.

மடங்காத சக்கரம் என்றதும் பழைய தொழில்நுட்பம் என்று தோன்றும். இந்தப் பாதைக்கு அதுதான் சரி. மடக்கும் சக்கரம் என்றால் ஹைட்ராலிக் குழாய், மோட்டார், பூட்டு, எச்சரிக்கை விளக்கு என்று பழுதாக நூறு சாமான் சேரும். ஒன்றரை நிமிடப் பயணத்தில் மடக்குவதும் உடனே விரிப்பதுமாகத்தான் பைலட்டின் கை இருக்கும். இரண்டு தளங்களிலும் ஓடுபாதை ஐந்நூறு மீட்டரை ஒட்டித்தான், சரளையும் புல்லும். ஒவ்வொன்றிலும் மூன்று திசைகளில் மூன்று ஓடுபாதைகள். அவ்வளவு சிறிய தீவில் மூன்று எதற்கு என்றால், காற்றுதான் காரணம். ஆர்க்னியில் மரங்களே அரிது, அப்படி அடிக்கும் காற்று. பெரிய விமானம் பக்கவாட்டுக் காற்றைத் தன் எடையால் ஓரளவு சமாளித்துவிடும். மூன்று டன்னுக்கும் குறைவான ஐலண்டருக்குக் காற்றை எதிர்கொண்டு இறங்கும் திசை வேண்டும். அதனால்தான் மூன்று.

இப்போது தேய்மானம். கார் வாங்குபவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பார். விமானத்தில் நாங்கள் பறந்த மணி நேரத்தோடு 'சைக்கிள்' கணக்கையும் பார்ப்போம். ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கினால் ஒரு சைக்கிள். சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரம் பறந்தாலும் ஒன்று, வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பேக்கு ஒன்றரை நிமிடம் பறந்தாலும் ஒன்று. டயர் தரையில் உரசித் தேய்வதும், பிரேக் சூடேறுவதும், சக்கரத் தண்டு அடி வாங்குவதும் இறங்கும்போதுதான். இன்ஜின் முழு விசையில் உழைப்பது ஏறும்போது. ஆக குறுகிய பாதையில் விமானம் சம்பாதிக்கும் நேரம் கொஞ்சம், தேயும் தடவை ரொம்ப.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் படிக்கும் ஒரு பாடம் உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில், ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் போய்க்கொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் முன்பகுதிக் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். விமானிகள் அந்த நிலையிலும் மவுயி தீவில் விமானத்தை இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். அந்த விமானத்துக்கு வயது 19. பறந்த நேரம் 35,496 மணி, சைக்கிள் 89,680. வகுத்துப் பாருங்கள், ஒரு பயணம் சராசரியாக 24 நிமிடம்கூட வராது. தீவுக்குத் தீவு தாவிய விமானம். ஒவ்வொரு தாவலிலும் உடலுக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்கியது, பலூனை ஊதி ஊதி விடுவதுபோல. கடற்காற்றின் உப்பும் ஈரமும் தகடுகள் சேரும் இடத்தில் புகுந்து அரித்தன. ஆணித் துளைகளைச் சுற்றி நுண்ணிய வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பழைய விமானங்களைச் சோதிக்கும் முறையையே மாற்றிய விபத்து அது.

ஐலண்டரில் அந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அதன் உள்ளே அழுத்தமே ஏற்றுவதில்லை. சில நூறு அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அது தேவையும் இல்லை. ஆனால் உப்பு விடாது. சரளைக்கல் தெறித்து ப்ரொப்பெல்லர் விளிம்பில் தழும்பு விழும். அதை உடனே தேய்த்துச் சரிசெய்யாவிட்டால் அங்கிருந்து வெடிப்பு கிளம்பும். சிறிய விமானங்களில் வேலை பார்த்த எனக்கு காலையில் முதல் வேலை, ப்ரொப்பெல்லர் விளிம்பை விரலால் நீவிப் பார்ப்பதுதான். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குச் சிக்கும்.

யார் போகிறார்கள்? இங்கேதான் உங்கள் கேள்வியின் 'வீண்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. பாப்பேயில் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. இசை, ஓவியம் போன்ற பாடங்களுக்கு ஒவ்வொரு தீவுக்கும் தனி ஆசிரியர் வைக்க முடியாது. ஒரே ஆசிரியர் தீவு தீவாகப் போய் வகுப்பெடுக்கிறார். மருத்துவர் வருகிறார். நோயாளி கிர்க்வால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வங்கிப் பணியாளரும் வந்து தீவுக்காரர்களின் பணக் கணக்கை முடித்துக்கொடுத்துப் போயிருக்கிறார். ஆன் ரெண்டால் என்ற வங்கிப் பணியாளர் இந்த வடதீவு விமானங்களில் 10,000 முறை பறந்தது 2011இல் செய்தியானது. யோசித்துப் பாருங்கள், நாம் அலுவலகத்துக்கு மின்சார ரயிலில் போவதுபோல ஒருவர் வேலைநாளெல்லாம் விமானம் ஏறி இறங்கியிருக்கிறார். லோகன்ஏர் 1967 முதல் பல பத்தாண்டுகள் இதே தீவுகளில் அவசர மருத்துவ விமானத்தையும் ஓட்டியது. பிரசவ வலி வந்தவருக்கும், நெஞ்சுவலிக்காரருக்கும் இந்த ஓடுபாதைதான் வாசல்.

படகு இல்லையா என்றால், இருக்கிறது. வெஸ்ட்ரேக்கும் பாப்பேக்கும் நடுவே பயணிகளை மட்டும் ஏற்றும் சின்னப் படகு ஓடுகிறது, சுமார் 25 நிமிடம். மேல்வகுப்புப் பிள்ளைகள் வெஸ்ட்ரே பள்ளிக்கு அதில்தான் போகிறார்கள். இந்த இரண்டு தீவுகளுக்குள் போய்வரப் படகு போதும், அதை மறுக்கவில்லை. கிர்க்வாலுக்குப் போவதுதான் பிரச்சினை. வெஸ்ட்ரேயிலிருந்து கிர்க்வாலுக்குக் கப்பலில் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகும். பாப்பேக்காரருக்கு அதற்கு முன்னே ஒரு படகு, பிறகு வெஸ்ட்ரேயின் தென்முனைத் துறைமுகம் வரை சாலைப் பயணம். ஒரு பல் பிடுங்க ஒரு நாள் போய்விடும். வடகடலின் குளிர்காலம் கூடச் சேர்ந்தால் இரண்டு நாளும் ஆகலாம்.

பாலம் கட்டக்கூடாதா என்றும் சிலர் கேட்பார்கள். ஆர்க்னியில் தீவுகளைச் சாலையால் இணைத்த கதை ஒன்று இருக்கிறது. 1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஸ்கப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள் புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதன்பின் கிழக்கு வாயில்களை அடைக்கக் கற்கட்டைகளைப் போட்டார்கள், சர்ச்சில் தடுப்புகள் என்று பெயர். வேலையில் பெரும்பங்கு இத்தாலியப் போர்க்கைதிகளுடையது. அதன்மேல் போட்ட சாலையில் இன்றும் வண்டி போகிறது. ஒரு பேரரசு தன் கடற்படையைக் காக்கச் செலவழித்த பணம் அது. 90 பேருக்காக அப்படியொரு கட்டுமானம் யார் போடுவார்கள்? எட்டுப் பேர் அமரும் விமானம்தான் அங்கே மலிவான பாலம்.

செலவுக் கணக்குக்கு வருவோம். டிக்கெட் விற்ற பணத்தில் இது ஓடாது, ஓடவும் முடியாது. ஐரோப்பாவில் 'பொதுச் சேவைக் கடமை' என்று ஒரு ஏற்பாடு உண்டு. வாரத்துக்கு எத்தனை தடவை பறக்க வேண்டும், கட்டணம் எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று அரசுத் தரப்பு நிர்ணயித்து டெண்டர் விடும். எடுக்கும் நிறுவனத்துக்கு விழும் துண்டை அரசு கொடுக்கும். இங்கே கொடுப்பது ஆர்க்னி தீவுகள் கவுன்சில். வெளித்தீவு விமானத் தளங்களையும் கவுன்சிலே பராமரிக்கிறது. சாலை போடுவதையும் பள்ளிக்கூடம் நடத்துவதையும் யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை. இதையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க நம் நாடு கொண்டுவந்த உடான் திட்டமும் இதே வழியில் துண்டு விழும் பணத்தைக் கொடுக்கிறது, ஆனால் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அதற்குள் பாதை தானே காலூன்ற வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023இல் தந்த அறிக்கையின்படி, உடான் மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கிய 774 பாதைகளில், சலுகைக் காலம் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை 54 மட்டுமே. எனக்கு இதில் வருத்தம்தான், வியப்பில்லை. எந்தப் பாதை வளர்ந்து லாபத்துக்கு வரும், எந்தப் பாதை என்றைக்கும் பொதுப் பணத்தில்தான் ஓடும் என்று முதலிலேயே பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே மூன்றாண்டுக் கெடு வைத்தார்கள். பாப்பேக்கு 1967இல் மூன்றாண்டுக் கெடு வைத்திருந்தால் 1970இல் சேவை நின்றிருக்கும்.

அதற்காகக் குட்டிப் பாதை எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். உங்கள் கோபத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பாதை இருந்தது. சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே கான்ஸ்டன்ஸ் ஏரி. இந்தக் கரையில் செயின்ட் கேலன்–ஆல்டன்ரைன் விமான நிலையம், அந்தக் கரையில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன். இரண்டும் சிறியவை. இடையே சுமார் 20 கிலோமீட்டர். 2016 நவம்பர் 2 அன்று பீப்பிள்ஸ் என்ற நிறுவனம் எம்ப்ரேயர் 170 ஜெட்டைக் கொண்டு எட்டு நிமிடப் பயணம் தொடங்கியது, அங்கிருந்து கொலோன் வரை தொடர்ச்சி. ஏரியைச் சுற்றிக் காரில் போனால் ஒரு மணி நேரம். படகும் உண்டு, ரயிலும் உண்டு. எழுபதுக்கு மேற்பட்ட இருக்கை கொண்ட ஜெட் எட்டு நிமிடத்துக்கு ஏறி இறங்குவதைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் எதிர்த்தது நியாயம். ஜெட் இன்ஜின் உயரத்தில்தான் சிக்கனமாக இருக்கும், தாழ்வாகவும் குறைவாகவும் பறந்தால் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். பயணிகளும் போதவில்லை, 2017 ஏப்ரலில் சேவை நின்றது. அதனால் யாருக்கும் ஆஸ்பத்திரி எட்டாமல் போகவில்லை, எந்தப் பள்ளியிலும் பாடம் நிற்கவில்லை.

பிரான்ஸ் 2023இல் இன்னொரு வழியில் போனது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற சில உள்நாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. பாரிஸின் ஓர்லியிலிருந்து லியோன், நாண்ட், போர்தோ போன பாதைகள் அப்படிப் போயின. ரயில் உள்ள இடத்தில் நானும் ரயில் பக்கம்தான்.

ஆகவே குட்டிப் பாதை ஒன்றைப் பார்த்தால் எத்தனை நிமிடம் என்று நான் கேட்பதில்லை. கீழே என்ன இருக்கிறது, இது நின்றால் யார் எதை இழப்பார்கள் என்று கேட்பேன். ஸ்காட்லாந்தின் மேற்கே செயின்ட் கில்டா என்ற தீவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போனது. மருத்துவமும் போக்குவரத்தும் எட்டாமல், ஆட்கள் குறைந்துகொண்டே வந்து, 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் தாங்களாகவே அரசிடம் கேட்டுக் கப்பலேறி வெளியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் ஒரே நாளில் காலியானது. பாப்பேயிலும் ஆட்கள் குறைந்த காலம் உண்டு. தீவு மக்களே கூட்டுறவு அமைத்துக் கடையையும் விடுதியையும் நடத்தித் தாக்குப்பிடித்தார்கள். அப்படிப் பிடிவாதமாக இருக்க முடிந்ததற்கு தினமும் வந்து போன அந்தச் சிறு விமானமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. மின்கலத்தின் எடைதான் மின்விமானத்துக்குப் பெரிய தடை, தூரம் கூடக் கூட அது தாங்காது. தூரமே இல்லாத பாதை புதிய இன்ஜினைப் பழக்கிப் பார்க்க நல்ல இடம். 2021இல் கலப்பு மின்விமானம் ஒன்று கிர்க்வாலுக்கும் ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் விக் நகரத்துக்கும் இடையே சோதனையாகப் பறந்தது. ஐலண்டரைப் புகையில்லா இன்ஜினுக்கு மாற்றும் முயற்சி ஒன்றுக்கு 'ஃப்ரெஸ்ஸன் திட்டம்' என்றே பெயர் வைத்தார்கள், மேய்ச்சல் நிலத்தில் இறங்கிய அதே கேப்டனின் நினைவாக.

நீங்களே போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் சில விவரம். கிர்க்வாலிலிருந்து டிக்கெட் எடுக்கும்போது அன்றைக்கு இரண்டு தீவுகளுக்கும் நடுவே நேரடித் தாவல் இருக்கிறதா, எந்தத் திசையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள், நாளுக்கு நாள் மாறும். உடல் எடையைக் கேட்பார்கள், உள்ளபடி சொல்லுங்கள். எட்டுப் பேர் விமானத்தில் யார் எங்கே உட்காருவது என்பதே எடையை வைத்துத்தான். மூடுபனி இறங்கினால் விமானம் வராது, அதனால் ஊர் திரும்பும் நீண்ட பயணத்துக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். பாப்பேயில் ஓர் இரவாவது தங்குங்கள். தீவு ஆறேழு கிலோமீட்டர் நீளம்தான், நடந்தே பார்த்துவிடலாம். மேற்குக் கரையில் நாப் ஆஃப் ஹோவார் என்ற இரண்டு கல்வீடுகள் இருக்கின்றன. கி.மு. 3700 வாக்கில் ஆள் குடியிருந்தவை, எகிப்தின் பெரிய பிரமிடைவிட ஆயிரம் ஆண்டு மூத்தவை. வாசல் குனிந்து நுழையும் உயரம்தான். உள்ளே கல் அலமாரி இன்னும் இருக்கிறது.